லோடு அகலம்: வரம்பை உயர்த்தக் கேட்பதா, பெர்மிட்டை மாற்றக் கேட்பதா?

கேள்வி: தட்டு தாழ்வாக இருக்கும் லோபெட் டிரெய்லர்களில் மெஷின், டேங்க், டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிச் செல்லும் தொழில் எங்களுடையது. அகல வரம்பு 2.6 மீட்டர். ஆனால் இப்போது வருகிற லோடுகள் 2.8, 3.0, 3.2 என்றுதான் வருகின்றன. பத்து சென்டிமீட்டர் வெளியே நீட்டினாலும், நாலரை மீட்டர் டேங்குக்குக் கேட்கும் அதே காகிதம், அதே காத்திருப்பு. இந்த வரம்பு சின்ன லாரிகள் ஓடிய காலத்தில் போட்டது. 3 மீட்டராக உயர்த்தச் சொல்லிச் சங்கத்தில் மனு தயாராகிறது. எழுதும் பொறுப்பு என் தலையில். என்ன கேட்பது? அதுவரை செக்போஸ்டில் தகராறு வராமல் ஓட்ட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— டிரெய்லர் நிறுவனம் நடத்தும் வாசகர்

பதில்:

மனுவில் ‘3 மீட்டர்’ என்று எழுதாதீர்கள். கிடைக்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கிடைத்தாலும் உங்கள் தொல்லை தீராது. வரம்பு 3 ஆன மறுவாரம் 3.2 மீட்டர் லோடு ஒன்று வரும். அதே வரிசையில், அதே காகிதக் கட்டோடு நிற்பீர்கள். உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அதற்குக் காரணம் 2.6 என்ற எண் இல்லை. 2.7 மீட்டருக்கும் 4.5 மீட்டருக்கும் ஒரே வாசல் வைத்திருக்கிறார்களே, அதுதான்.

இங்கே இரண்டு அகலங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று வண்டியின் அகலம். இன்னொன்று லோடின் அகலம். வண்டியின் அகலத்தை உயர்த்தினால் உங்கள் லோபெட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. பாடி கட்டுகிறவர்கள் எல்லாரும் அந்த எண்ணுக்கே கட்டத் தொடங்குவார்கள். சில வருடங்களில் காய்கறி லாரியும் சிமென்ட் லாரியும் 3 மீட்டரில் ஓடும். அப்போது கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

இந்தியாவில் நெடுஞ்சாலைத் தடம் ஒன்றின் வழக்கமான அகலம் 3.5 மீட்டர். அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். 3.5 மீட்டர் தடத்தின் நடுவில் 2.6 மீட்டர் லாரி போனால் இருபுறமும் 45 சென்டிமீட்டர் மிச்சம். எதிரெதிரே இரண்டு லாரிகள் கடக்கும்போது பாடிக்கும் பாடிக்கும் 90 சென்டிமீட்டர். பக்கக் கண்ணாடி ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் வெளியே நிற்பதாக வைத்தால், கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் அரை மீட்டர். இதையே 3 மீட்டர் லாரிக்குப் போடுங்கள். இருபுறமும் 25 சென்டிமீட்டர், பாடி இடைவெளி 50, கண்ணாடி இடைவெளி 10. நூல் பிடித்த மாதிரி எந்த டிரைவரும் ஓட்டுவதில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளும், சாலையில் ஒரு பள்ளம் வரும். ஒரு சாண் அங்கும் இங்கும் போவது சகஜம். அந்த ஒரு சாணுக்குக்கூட இடமில்லாத சாலையில் உங்கள் லோபெட்டும்தான் ஓட வேண்டும். எதிரே வருகிறவன் 2.6-க்குள் இருப்பதால்தான் உங்களால் 3.2-ஐக் கொண்டுபோக முடிகிறது.

அதனால்தான் உலகம் முழுக்க இந்த எண் நத்தை மாதிரி நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1956-ல் 96 அங்குலம் என்று வைத்தார்கள். 1982-ல் 102 அங்குலமாக்கினார்கள். அரையடிதான், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஹவாய் மட்டும் தன் பழைய 108 அங்குலத்தை வைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2.50-லிருந்து 2.55-க்கு வந்தது; குளிர்பதனப் பெட்டி வண்டிகளுக்கு மட்டும் 2.60, அதுவும் பக்கச் சுவர் காப்போடு சேர்த்து குறைந்தது 45 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால். ஆஸ்திரேலியா 2023-ல்தான் 2.50-லிருந்து 2.55-க்குப் போனது. அங்கேயும் சும்மா தரவில்லை. டிரைவர் கண்ணுக்குத் தெரியாத மறைபுலத்தைக் குறைக்கும் கருவி, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, மேம்பட்ட பிரேக், பக்கவாட்டுத் தடுப்பு, தடம் விலகினால் எச்சரிக்கும் கருவி என்று ஒரு பட்டியலைப் பொருத்திய புது வண்டிகளுக்கு மட்டும் அந்த ஐந்து சென்டிமீட்டர்.

ஐந்து சென்டிமீட்டருக்கு இத்தனை பாடா என்று தோன்றும். சரக்குப் பலகை என்கிற பேலட்டை வைத்துப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் அளவு 1.2 மீட்டருக்கு 1 மீட்டர். இரண்டை அகலவாட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2.4 மீட்டர். வெளியகலம் 2.44 மீட்டர் கொண்ட வழக்கமான கப்பல் கன்டெய்னருக்குள் உள்ளகலம் 2.35-தான் இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் போதாமல் அந்த ஜோடி உள்ளே போகாது. ஒன்றைத் திருப்பி வைத்து இடத்தை வீணாக்க வேண்டும். குளிர்பதன வண்டியில் சுவர் தடிமனே இரண்டு பக்கமும் சேர்ந்து 10 சென்டிமீட்டரை விழுங்கிவிடுகிறது. ஆக, வண்டி அகலத்தில் 5 சென்டிமீட்டர் என்பது பேலட் ஏற்றுகிறவருக்குப் பெரிய லாபம். உங்களைப் போல ஒற்றை மெஷின் ஏற்றுகிறவருக்கு அதனால் ஒன்றுமில்லை. வண்டி அகலச் சண்டையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் சண்டை லோடு அகலத்தில் இருக்கிறது. அதற்கு முன்மாதிரி பிரிட்டன். அங்கே 2.9 மீட்டர் வரை விடுகிறார்களே என்று சங்கக் கூட்டத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது வண்டியின் வரம்பு இல்லை. சாதாரண லாரி அங்கேயும் 2.55-தான். பிரிக்க முடியாத லோடு வண்டிக்கு வெளியே ஒரு பக்கத்தில் 305 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினாலோ, மொத்த அகலம் 2.9 மீட்டரைத் தாண்டினாலோ முன்கூட்டியே காவல்துறைக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு முழு வேலைநாள் அவகாசம். 3.5 மீட்டரைத் தாண்டினால் உடன் ஒரு ஆள் வர வேண்டும். 5 மீட்டரைத் தாண்டினால்தான் தனி அனுமதி உத்தரவு. பாருங்கள், படிப்படியாக ஏறுகிறது. முதல் படியில் அவர்கள் கேட்பது அனுமதிகூட இல்லை, தகவல்தான்.

இந்தியச் சட்டத்தின் போக்கு வேறு. வாகனங்களின் அகல வரம்பு மத்திய மோட்டார் வாகன விதி 93-ல் இருக்கிறது. லோடு பற்றி, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 194(1ஏ) பிரிவு பேசுகிறது. பாடியின் பக்கத்தைத் தாண்டி லோடு நீட்டுவது தனிக் குற்றம். அபராதம் மட்டுமில்லை, லோடைச் சரிசெய்யும்வரை வண்டி நகரக் கூடாது. தகுதியுள்ள அதிகாரி விலக்கு கொடுத்திருந்தால் பொருந்தாது. அதாவது சட்டத்துக்கு இரண்டே நிலைதான் தெரியும்: உள்ளே, அல்லது விலக்கு. இடையில் படிகள் இல்லை. ஆகவே மனுவின் முதல் வேண்டுகோள் இப்படி இருக்கட்டும்: வண்டி அகலம் 2.6-லேயே இருக்கட்டும், பிரிக்க முடியாத லோடுக்கு மட்டும் அகலப் படிகள் வேண்டும். எந்தெந்த அளவில் படி வைப்பது என்பது பேசித் தீர்க்க வேண்டியது. என் யோசனை: 3.0 வரை குறிப்பிட்ட சாலைகளில் வருடாந்தர அனுமதி, 3.0 முதல் 3.5 வரை இணையத்தில் பயணத்துக்கு ஒரு அறிவிப்பு. அதற்கு மேல் வழித்தட ஆய்வோடு தனி அனுமதி.

‘பிரிக்க முடியாத’ என்பதற்கும் தெளிவான விளக்கம் கேளுங்கள். ஐரோப்பிய விதி, கூடுதல் செலவோ சேத ஆபத்தோ அளவுக்கு மீறாமல் இரண்டாகப் பிரிக்க முடியாத லோடு என்கிறது. நல்ல வாக்கியம், ஆனால் ஆளுக்கு ஆள் அளக்கலாம். அமெரிக்காவில் நீளத்துக்கும் எடைக்குமான விதியில் ஒரு எண்ணே வைத்திருக்கிறார்கள்: சரியான கருவிகளோடு கழற்ற 8 ஆள்-மணி நேரத்துக்கு மேல் ஆனால் அது பிரிக்க முடியாதது, அதை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிக்கிறவருடையது. அகலத்துக்கும் அப்படியொரு எண் இருந்தால் கவுன்டரில் வாக்குவாதம் பாதியாகும். அதோடு, மெஷினின் பக்கெட்டையும் ஏணியையும் கழற்றாமல் சோம்பலுக்கு ‘ஓடிசி’ (அளவு மீறிய சரக்கு) போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் கடிவாளம் விழும். நம் தொழிலின் பெயரைக் கெடுப்பதே அவர்கள்தான்.

இரண்டாவது வேண்டுகோள், எதை அளப்பது என்பது. அமெரிக்க விதியில் பக்கக் கண்ணாடி அகலக் கணக்கில் சேராது. சரக்கைத் தாங்காத, பாதுகாப்புக்கான சிறு உறுப்புகளுக்கு இருபுறமும் 3 அங்குலம் வரை விலக்கு உண்டு. தார்பாய்க் கொக்கி, பட்டையை இறுக்கும் ராட்செட், சங்கிலி முடிச்சு, டயர் பிதுக்கம் இவையெல்லாம் கணக்கில் உண்டா இல்லையா என்று விதியிலேயே எழுதியிருந்தால், செக்போஸ்டில் டேப்பை எங்கே வைப்பது என்ற சண்டை வராது. ஒன்று நினைவிருக்கட்டும்: இந்த மாதிரி விலக்குகள் வண்டியின் உறுப்புகளுக்குத்தான். லோடில் ஒரு போல்ட் நீட்டினாலும் அது லோடு.

மூன்றாவது வேண்டுகோளை நீங்களே முன்வந்து கேட்டால் மனுவுக்கு எடை கூடும். அது விளக்கு. இரவில் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் உங்கள் வண்டியின் அகலத்தை எப்படி அறிகிறார்? இரண்டு டெயில் லைட்டுக்கு நடுவிலான தூரத்தை வைத்துத்தான். லைட் பாடியின் ஓரத்தில் இருக்கிறது. லோடு அதற்கும் 30 சென்டிமீட்டர் வெளியே இருக்கிறது. லோபெட்டின் தட்டு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் என்றால், லோடின் அடி விளிம்பு இருசக்கர வாகனக்காரரின் வயிற்று உயரத்தில் இருட்டில் மிதக்கிறது. லைட்டைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்து ஒதுங்குகிறவர் நேராக அதில் போய் மோதுவார். பாடி ஓரத்தில் இருக்கும் லைட் பொய் சொல்கிறது. லோடின் கடைசி விளிம்பில், முன்னும் பின்னும் பக்கத்திலும், எரியும் விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் கட்டாயம் என்று நீங்களே எழுதுங்கள். சிவப்புத் துணி இரவில் கறுப்புத் துணிதான்.

நான்காவது, எல்லைகள். ஒரு மாநிலம் கொடுத்த அனுமதி எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுவது அமெரிக்காவிலும் உண்டு. 102 அங்குலத்துக்கு மேலான சிறப்பு அனுமதி அங்கே மாநிலங்களின் கையில். லோடுக்கு முன்னால் வழி பார்த்துப் போகும் பைலட் வண்டி எந்த அகலத்தில் தேவை, இரவில் ஓடலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. காலையில் சட்டப்படி ஓடிய லோடு மாலையில் எல்லை தாண்டியதும் குற்றமாகிவிடுகிறது. லோடும் மாறவில்லை, சாலையும் மாறவில்லை. ஒரே விண்ணப்பம், ஒரே வரைபடம், எல்லா எல்லைக்கும் ஒரே படிகள் என்று கேளுங்கள். ஆளுக்கொரு கட்டணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும். எண்கள் ஒன்றாக இருக்கட்டும்.

இணையத்தில் உடனடி அனுமதி என்று கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. 2013 மே 23-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் ஆற்றின் மேல் போகும் இன்டர்ஸ்டேட் 5 பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. உயரம் மிகுந்த லோடு ஏற்றிய வண்டி ஒன்று பாலத்தின் மேல் குறுக்குச் சட்டங்களில் மோதியதுதான் காரணம். அந்தப் பாலத்தின் மேல்சட்டம் வளைவானது. நடுப்பக்கம் உயரம் அதிகம், ஓரம் குறைவு. வண்டி ஓரத் தடத்தில் போனது. அனுமதி இணையத்தில் கிடைத்ததுதான். வழியில் உயரம் போதுமா என்று பார்க்கும் பொறுப்பு வண்டிக்காரர் தலையில் விடப்பட்டிருந்தது. முன்னால், உயரம் பார்க்கும் கம்பம் கட்டிய பைலட் வண்டி போனது. அதன் டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வண்டிகளோடு ஆற்றில் விழுந்த மூன்று பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒருவர் மேல் மட்டும் பழியைப் போடவில்லை. ஒன்றையொன்று நம்பி நிற்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளின் குறைபாடு என்றது. அனுமதி கொடுத்தவர் வண்டிக்காரர் பார்ப்பார் என்று இருக்க, வண்டிக்காரர் பைலட் பார்ப்பார் என்று இருந்தால் இதுதான் நடக்கும். அங்கே பிரச்சினை உயரம். அகலத்துக்கும் பாடம் அதேதான். வேகமான அனுமதி வேண்டும் என்றால், அனுமதி தரும் கணினிக்குள் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடைவெளியும், டோல்கேட்டின் அகலத் தடமும், இன்று எங்கே சாலை வேலை நடக்கிறது என்பதும் இருக்க வேண்டும். அதைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவோடு புலம்பலை இணைக்காதீர்கள். உங்கள் ஓட்டப் பதிவேட்டை இணையுங்கள். சங்கத்தின் வண்டிகள் கடந்த ஒரு வருடத்தில் ஓடிய ஒவ்வொரு ஓடிசி பயணத்துக்கும் ஒரு வரி: அளந்த அகலம், விண்ணப்பித்த நாள், கிடைத்த நாள், வழி, பைலட் இருந்ததா, எங்கே நின்றது, எங்கே உரசியது. உரசியதை மறைக்காதீர்கள். 3 மீட்டருக்குக் குறைந்த லோடுகள் எத்தனை நாள் காத்திருந்தன, எத்தனை உரசின என்ற இரண்டு நெடுவரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அதிகாரி மீதியை வாசிக்கக்கூட வேண்டாம்.

இனி, இன்றைக்கு ஓட்டுவது எப்படி என்பதற்கு வருகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, இந்த லோடு உண்மையிலேயே அகலமாகத்தான் போக வேண்டுமா. திருப்பி வைத்தால் நீளத்தில் அடங்குமா? சாய்த்தால்? 3.6 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கான்கிரீட் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்தால் 3.6 மீட்டர் ஓடிசி. சாய்சட்டத்தில் 50 டிகிரி சாய்த்து வைத்தால் அகலம் ஏறக்குறைய 2.47 மீட்டராகிவிடும், சட்டத்துக்கும் சங்கிலிக்கும் 13 சென்டிமீட்டர் மிச்சம். உயரம் பலகைக்கு 2.9, தட்டுக்கு 0.9, மொத்தம் 3.8 மீட்டர். அகல அனுமதியே தேவையில்லை. ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. படுத்திருந்தபோது தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்த எடை மையம் இப்போது 2.3 மீட்டருக்கு ஏறிவிட்டது. வளைவில் கவிழும் வேகம் நன்றாகக் குறையும். பக்கக் காற்றுக்கும் பாய் விரித்த மாதிரி முகம் காட்டும். சாய்சட்டத்தின் அடி உதை தட்டோடு போல்ட் போட்டுப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சங்கிலியை நம்பி நிறுத்தி வைக்கிற சட்டம் என்றால் படுக்க வைத்துப் பெர்மிட் வாங்குவதே மேல்.

அளப்பது லோடு கட்டிய பிறகு. கம்பெனி வரைபடத்தில் 3.10 என்று இருக்கும்; அது டேங்கின் உடல் அளவு. வால்வு, தூக்குக் காது, ஏணித் தாங்கி, பெயர்ப்பலகைச் சட்டம், நீராவிக் குழாய் மூடி இவற்றில் ஏதோ ஒன்று வெளியே நிற்கும். தட்டின் நடுக்கோட்டிலிருந்து இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். மொத்தம் 3.2 என்று சரியாக இருந்தும் இடது 1.5, வலது 1.7 என்றால் அது வேறு லோடு: எதிர்த்திசை வண்டி பக்கமோ நடைபாதை பக்கமோ பத்து சென்டிமீட்டர் அதிகம் எட்டுகிறது. இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, தரையில் குறி போட்டு, அந்தக் குறிகளுக்கு நடுவே டேப் பிடிப்பது நல்லது. லோடின் மேல் டேப்பைச் சாய்வாக இழுத்தால் தப்பு வரும். அகலம் மிக அதிகமாக இருக்கும் இடம் தரையிலிருந்து எத்தனை உயரத்தில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்; 75 சென்டிமீட்டர் உயரமுள்ள சாலையோர இரும்புத் தடுப்பின் மேலாக அது கடந்துவிடுமா, இடிக்குமா என்று சொல்வது அந்த எண்தான். விண்ணப்பத்தில் அளந்ததற்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் சேர்த்து எழுதலாம். ஆனால் அந்தச் சேர்க்கை பைலட் கேட்கும் அளவைத் தாண்ட வைத்துவிடாமல் பாருங்கள், 3.48-ஐ 3.53 என்று எழுதி வீணாகப் பைலட் வைத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வால்வைக் கழற்றுவது மலிவு.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் அகலத்தால் இல்லை. வரைபடத்தில் ஒரு டிரெய்லர், பதிவுச் சான்றிதழில் வேறு டிரெய்லர். ஆக்சில் இடைவெளி விடுபட்டது. பிரிக்க முடியாதது என்று தயாரிப்பாளரின் கடிதம் இல்லாதது. வழி என்று சாலை எண்ணை மட்டும் எழுதி எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று எழுதாதது. கடைசி நேரத்தில் டிரெய்லரை இழுக்கும் புல்லர் மாறும் வாய்ப்பு இருந்தால் இரண்டு வண்டி எண்களையும் ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வழித்தட ஆய்வில் நேர்ச்சாலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாட்டிக்கொள்வது வளைவில். டிரெய்லரின் பின் ஆக்சில்கள் முன்னே போன தடத்திலேயே வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். டிரெய்லரைப் புல்லரோடு கோக்கும் கிங்பின்னிலிருந்து பின் ஆக்சில் கூட்டத்தின் நடுவரை 9 மீட்டர் என்றால், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுமார் 80 சென்டிமீட்டர் உள்ளே வரும். 30 மீட்டர் ஆரத்தில் 1.4 மீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள சந்திப்புத் திருப்பத்தில் முழுதாக 3 மீட்டர். 3.4 மீட்டர் லோடு 30 மீட்டர் வளைவில் 4.8 மீட்டர் சாலையைக் கேட்கிறது என்று அர்த்தம். புல்லர் தன் பங்குக்கு வெட்டுவது இதற்கு மேல். எளிய கணக்கு வேண்டுமானால் 9-ஐ 9-ஆல் பெருக்கி, ஆரத்தின் இரு மடங்கால் வகுத்துக்கொள்ளுங்கள். பெரிய வளைவுகளுக்கு அது போதும். சின்னத் திருப்பங்களில் அந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், நம்ப வேண்டாம்.

சாலையின் சாய்வையும் சேர்க்க வேண்டும். மழைநீர் வடிய வைத்திருக்கும் இரண்டரை சதவீதச் சரிவில் 4.5 மீட்டர் உயர லோடின் தலை 11 சென்டிமீட்டர் ஓரமாகச் சாயும். வளைவில் 7 சதவீதம் தூக்கி வைத்திருந்தால் 31 சென்டிமீட்டர். கீழே டயர் பத்திரமாக இருக்க, மேலே மரக்கிளையோ விளக்குக் கம்பமோ உரசுவது இதனால்தான். பாலங்களில் கைப்பிடிச் சுவருக்கும் சுவருக்கும் நடுவே அளக்கும்போது தரை மட்டத்தில் ஒரு முறை, லோடின் விளிம்பு வரும் உயரத்தில் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். டோல்கேட்டில் ஓரத்து அகலத் தடம்தான் கைகொடுக்கும்; அது திறந்திருக்குமா, தற்காலிகத் தடுப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வையுங்கள். ஆய்வு செய்து இரண்டு வாரம் ஆகிவிட்டதா? புறப்படும் முன் மீண்டும் ஒரு முறை பைக்கில் ஆளை அனுப்புங்கள். சாலை வேலைக்காக வைக்கும் கான்கிரீட் தடுப்பு எந்த அனுமதிக் காகிதத்திலும் இருக்காது.

பைலட் வண்டி எத்தனை தூரம் முன்னால் போக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறீர்கள். வயர்லெஸில் சொல்வதைக் கேட்டு பிரேக்கில் கால் வைக்க 3 வினாடி: 50 மீட்டர் போய்விட்டது. நிதானமாக, வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வேகம் குறைவதாக வைத்தால் நிற்க இன்னும் 46 மீட்டர். கிட்டத்தட்ட 100 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் 55 மீட்டர் போதும். பைலட் நெருங்கி ஓடினால் அவர் ஆபத்தைப் பார்க்கும்போது நீங்களும் அதற்குள் இருப்பீர்கள். ரொம்ப முன்னால் போய்விட்டால் நடுவே நாலு கார் புகுந்துவிடும். பைலட் டிரைவருக்குச் சொந்தப் போனில் பேச்சு கூடாது. ‘நிறுத்து’ என்று பைலட் சொன்னால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்; இந்த ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன் இருவருக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

புறப்பட்டு முதல் 20, 30 கிலோமீட்டருக்குள் ஒரு இடத்தில் ஒதுக்கி, கட்டுகளை இறுக்கி, அகலத்தை மறுபடியும் அளந்து பாருங்கள். லோடு தட்டில் உட்காருவது அந்தத் தூரத்தில்தான்; மரக்கட்டை நசுங்கி டேங்க் ஒரு பக்கமாக நாலு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் பெர்மிட் அளவைத் தாண்டிவிட்டீர்கள்.

கடைசியாக, பலரும் கோட்டை விடும் ஒன்று. அகல லோடுக்காக லோபெட்டின் பக்கத் தாங்கிகளை இழுத்து விரித்து, மேலே பலகை போட்டிருப்பீர்கள். பெர்மிட் அந்த லோடுக்குத்தான்; இறக்கியதும் அதன் வேலை முடிந்தது. காலி வண்டி தாங்கிகள் விரித்தபடியே திரும்பி வந்தால், லோடே இல்லாமல் அகலக் குற்றம். இறக்கிய இடத்திலேயே பலகைகளை எடுத்து, தாங்கிகளை உள்ளே தள்ளி, பூட்டும் பின்னைப் போட்டு, எச்சரிக்கைப் பலகையைத் துணியால் மூடிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.